கூடவே போன கவைக்குச்சி

பூவிழிப் பாப்பாவின் குடலுக்குள் எல்லாமே மெதுவாக மிதந்துகொண்டிருந்தன. அங்கே ஒரு சக்கரக் கிருமி உருண்டு வந்தது.

குடல்சுவர் தன் மடிப்புகளை இறுக்கிக்கொண்டது. "மறுபடியும் நீயா? போன தடவை என்னை அரிச்சிட்டுப் போனே. பாப்பா மூணு நாள் காய்ச்சல்ல துவண்டு கிடந்தா!"

"பழகின வீடுதானே, கதவைத் திற" என்று கிருமி சிரித்தது.

சுவரின் மேல் படர்ந்த கோழையின் வழவழப்பிலிருந்து, இரு கை விரித்த ஒரு சின்னக் கவைக்குச்சி மிதந்து வந்தது. அந்த முதல் காய்ச்சலின்போது, கிருமியின் மேனிக்கே அளவெடுத்துப் பாப்பாவின் உடல் செய்துவைத்த நோயெதிர்ப்புப் பொருள் அது.

"வாங்க அண்ணே, உங்களுக்காகத்தான் காத்திருக்கேன்" என்று கிருமியை இறுகக் கட்டிக்கொண்டது.

"அடிக்க மாட்டியா?"

"அடிக்கத் தெரியாது அண்ணே. பிடிச்சுக்கத்தான் தெரியும்."

கிருமி சுவரைத் தொடப் பார்த்தது. தொட வேண்டிய இடத்தில் எல்லாம் கவைக்குச்சியின் கை இருந்தது. இருவரும் தூளியில் ஆடுவதுபோல் ஆடி ஆடிக் கீழே நழுவினார்கள்.

"விடு! எங்கே போறோம்?"

"வெளியே."

"நீ திரும்பி வருவியா?"

"இல்லண்ணே. உங்க கூடவேதான்."

சுவர் நெடுநேரம் காத்திருந்தது. யாரும் தட்டவில்லை. பிறகு மேலேயிருந்து தயிர்சாதம் இறங்கி வந்தது. பாப்பாவுக்குப் பசித்திருக்கிறது.

சுவர் இன்னொரு கவைக்குச்சியை வழவழப்புக்குள் அனுப்பிவிட்டு, சோற்றுக்கு வழிவிட்டது.