கணவாயில் ஒரு வெடிப்பு

பின்னால் பனிமலை. கம்பளிக் கோட்டும் மஃப்ளருமாக சைக்கிள் மேல் உட்கார்ந்திருந்தான் தணிகாசலம். முன்சக்கரம் மேட்டைப் பார்த்துத் தூக்கி நின்றது. நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது.

"மொகத்தத் தொடச்சிக்கப்பா. பனியில எவனுக்கு வேர்க்கும்?" என்றார் மொய்னுதீன், கேமராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து.

சித்திரை மாதம். ரங்கசாமி குளத்துக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய ஸ்டூடியோவில், பனிமலை வரைந்த திரை ஆடும் என்று மின்விசிறியைக்கூட நிறுத்தியிருந்தார்கள்.

மூன்று மாதத்துக்கு முன் காஞ்சிபுரமே மாலை போட்டு அவனை இமயமலையில் இருக்கிற ரோதாங் கணவாய்க்கு வழியனுப்பியது. பதிமூன்றாயிரம் அடி உயரம். மைக்கைப் பிடித்தால் நிதானம் போய்விடுகிற ஜவுளிக்கடை அப்பாதுரை, "இவன் சைக்கிள்ல அது மேல ஏறிட்டு வந்தான்னா எம் பொண்ணு மங்கையர்க்கரசிய இவனுக்கே கட்டித் தரேன்" என்று மேடையில் சொல்லிவிட்டார். தணிகாசலத்துக்கு அவள்மேல் இரண்டு வருஷமாகவே ஆசை.

ஆனால் அவன் போய்ச் சேர்ந்தது குடியாத்தம். அங்கே அத்தை வீட்டில் காய்ச்சலோடு படுத்தவன், காய்ச்சல் விட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை.

"இன்னா பாய், திரை கீழ கிழிஞ்சிருக்குதே?"

"அதுக்குத்தான் முன்சக்கரத்த அங்க வச்சிருக்கறேன். மத்தவங்களுக்கெல்லாம் தாஜ்மகால் திரை. உனுக்காக இதப் பரண்லேருந்து எறக்கினேன். ராசியான திரைப்பா. இதும் முன்னால நின்னவன் தோத்ததில்ல."

சக்கரத்தில் இருப்பது வெறும் கம்பிகள், இடையில் எல்லாம் தெரியும் என்பது படத்தைக் கழுவிப் பார்த்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.

பாராட்டு விழாவுக்குக் கூட்டம் நெரிந்தது. அப்பாதுரை பட்டுச் சேலையையே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவார். படத்தையும் அப்படியே தூக்கிப் பிடித்தார்.

"சக்கரத்துக்குள்ள கறுப்பா ஒரு கோடு தெரியுது, இன்னாப்பா அது?"

"பனி வெடிச்சிருக்குதுங்க. அதுல உழுந்தா ஆளு கெடைக்கமாட்டான்."

கூட்டம் உச்சுக்கொட்டியது. அப்பாதுரை உச்சுக்கொட்டவில்லை.

"அந்த எடத்த நேர்ல பாத்த மனுசன் நம்மூர்லயே இருக்காரு. அவரு ஒரு வார்த்த சொல்லட்டும். அவில்தாரக் கூப்புடுங்கபா."

சீனச் சண்டையின்போது ரோதாங் கணவாயில் காவல் நின்றவர் அவில்தார் தாவீது. படிப்பகத்துச் சுவரில் அவருடைய படம் தொங்குகிறது. வெயில் பட்டு மலையெல்லாம் வெளுத்துப்போய், ஆளும் துப்பாக்கியும் பூட்சும் மட்டும் மிஞ்சிய படம். அதில் இடது காலை மட்டும் அளவுக்கு மீறி அகட்டி ஊன்றியிருப்பார். பட்டாளத்தில் அப்படித்தான் நிற்பார்கள்போல என்று எண்ணி, ஊரில் பாதிப்பேர் படம் எடுக்கும்போது அதே மாதிரி அகட்டி நின்றார்கள்.

தாவீது மேடையேறிப் படத்தை வாங்கினார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

பெண்கள் பக்கத்தில் மங்கையர்க்கரசி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். குடியாத்தத்திலேயே இருந்திருக்கலாம் என்று தணிகாசலத்துக்குத் தோன்றியது.

தாவீது தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"அதே எடந்தான். இந்த வெடிப்ப நான் சாவற வரைக்கும் மறக்கமாட்டேன். இது மேலதான் இடது கால வச்சிக்கினு நின்னேன்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. "மாப்பிள்ளைக்கு உங்க கையாலயே போத்துங்க" என்று அப்பாதுரை பட்டுச் சால்வையைத் தாவீதிடம் நீட்டினார். அப்படி ஒரு வெடிப்பு நிஜமாகவே அங்கே இருக்கிறதோ என்று தணிகாசலத்துக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது.

தாவீது சால்வையைப் போர்த்திவிட்டு, அதைச் சரிசெய்கிற சாக்கில் அவன் காதோரம் குனிந்தார்.

"பாய் அந்தக் கிழிசல இன்னும் தைக்கலியாப்பா?"