பத்தில் ஒரு வாட்

தேயிலைத் தொழிற்சாலை எலெக்ட்ரீஷியன் கருப்பையா, ஞாயிறு காலைகளில் மலேசியாவின் ஈப்போவில் இருக்கும் நண்பர் சிங்காரத்துடன் ரேடியோவில் பேசுவார். எவ்வளவு குறைந்த பவரில் குரல் போய்ச் சேருகிறது என்று பார்ப்பதுதான் இருவருக்கும் விளையாட்டு. அன்று ஒரு வாட்டில் தொடங்கி, பத்தில் ஒரு வாட் வரை குறைத்துவிட்டார்.

"இன்னும் கேக்குதுலா," என்றார் சிங்காரம்.

நட்புக்காகப் பொய் சொல்கிறான் என்று கருப்பையாவுக்குச் சந்தேகம். டிரான்ஸ்மிட்டரின் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, "எங்க வீட்டுல இன்னைக்குக் கருவாட்டுக் குழம்பு," என்றார்.

தனி பேட்டரியில் ஓடிய ரிசீவரில் பதில் வந்தது. "கருவாடா? எனக்கும் கொஞ்சம் எடுத்து வைலா."

கருப்பையா மைக்கைப் பிடுங்கி, ஜன்னல் வழியாகத் தேயிலைச் செடிகளுக்குள் வீசினார். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இப்பத்தான் ரொம்பத் தெளிவா இருக்கு," என்றது ரிசீவர். "ஏன் மூச்சப் பிடிச்சிக்கிட்டு நிக்கிற?"