சாய்ந்த தாலிக்கொடி

"அத்தை எல்லாரையும் மொறைக்கிறாங்க லா. புது வீட்டு ஹால்ல மாட்டுனா, வர்றவங்க சப்பாத்தக் கழட்டாமலே ஓடிருவாங்க."

ஷாமினி அண்ணி சொன்னதும் பிரேம் கடை உடையப்பன் அண்ணன் சிரித்துவிட்டார்.

மேசைமேல் அம்மாவின் ஓவியம் கிடந்தது. கரையான் அரித்த பிரேமை மாற்ற ஈப்போவுக்குக் கொண்டுவந்திருந்தோம்.

அண்ணியின் கைப்பேசியில் இன்னொரு அம்மா இருந்தார். செயலி பல் தெரியச் சிரிக்க வைத்த அம்மா. அதை அச்சடித்து மாட்டிவிட்டு, ஓவியத்தைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிடலாம் என்றார் அண்ணி.

நான் மறுக்கவில்லை. எனக்கும் அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது.

அம்மா இறந்தபோது என் அண்ணனுக்கு ஏழு வயது. எனக்குப் பதினோரு மாதம். தோட்டத்து வீட்டில் வெள்ளம் புகுந்து படங்களெல்லாம் போய்விட்டன. அம்மாவின் கடைசி மாதத்தில், ஐசி என்ற அடையாள அட்டைக்காகத் தாப்பா டவுனில் எடுத்த ஒன்றுதான் மிஞ்சியது. அதைப் பார்த்து வரைந்ததுதான் இது.

இறுக்கிய உதடுகள். ஒரு பக்கம் இறங்கிய தோள்.

அதைக் கோபம் என்றே எடுத்துக்கொண்டேன். நான் பிறந்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தே வளர்ந்தேன்.

தாலிக்கொடி மட்டும் இடித்தது. இடப்பக்கம் சாய்ந்து, பிரேமுக்கு அடியில் போய் மறைந்திருந்தது. தொங்கும் பொருள் நேராகத்தான் தொங்கும். ஓவியருக்கு இயற்பியல் தெரியாது என்று பள்ளியில் ஐந்தாம் படிவம் படித்தபோதே முடிவு செய்திருந்தேன்.

உடையப்பன் அண்ணன் ஆணிகளைப் பிடுங்கினார்.

பழைய பிரேம் ஓவியத்தைவிடச் சிறியது. துணியின் அடிப்பக்கத்தை மூன்று விரல் அகலத்துக்குப் பின்னால் மடித்து அடித்திருந்தார்கள். அவர் அதை மெல்ல நீவி விரித்தார். மடிப்பில் கொஞ்சம் வண்ணம் உதிர்ந்தது.

தாலிக்கொடியின் முனையில் ஒரு கை இருந்தது.

எலுமிச்சை அளவுக் கை. கொடியை முழு பலத்தோடு கீழே இழுத்துக்கொண்டிருந்தது.

என்னை இடுப்பில் சுமந்து இறங்கிய அந்தத் தோளை, பிறகு மறுபடியும் அந்த உதடுகளைப் பார்த்தேன்.

ஐசி படத்துக்குச் சிரிக்கக் கூடாது.

அண்ணி கைப்பேசியைப் பைக்குள் வைத்தார்.

"மடிச்ச எடத்த வெட்டிறவா தங்கச்சி? அப்பத்தான் பழைய அளவுக்கு நிக்கும்."

"வேணாம் அண்ணே." அந்தக் கடைக்குள் நான் முதன்முதலாக வாய் திறந்தேன். "பிரேமப் பெருசாப் போடுங்க."