வாயால் ஓடும் வண்டி

பல் டாக்டர் புது எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் குடியிருப்பு முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது.

வண்டியில் குறை ஒன்றுமில்லை. புகை கிடையாது, உதறல் கிடையாது, பூனை மாதிரிப் போகும். டாக்டரே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதன் பெருமையை அளப்பார். ஆனால் பார்க்கிங்கிலிருந்து கேட் வரைக்கும் அந்தக் குறுகலான பாதையில் மட்டும், பழைய பெட்ரோல் வண்டி மாதிரி வாயாலேயே "டுர்ர்ர்ர்" என்று சத்தம் போட்டுக்கொண்டு போவார்.

கிளினிக்கில் மெஷின் செய்கிற வேலையை இங்கே டாக்டரே செய்கிறார் என்றார் மாடிவீட்டுக்காரர். சிரிக்காதவர் கீழ்வீட்டு வக்கீலம்மா ஒருவர்தான்.

மனைவிக்கு மானம் போயிற்று. இப்படிப்பட்ட ஆளிடம் யார் நம்பி வாயைக் காட்டுவார்கள்? அன்று அக்கா வீட்டுக்குக் கிளம்பும்போது கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இன்னைக்கு நான் பின்னாடி உட்கார்ந்திருக்கேன். வாயைத் திறந்தீங்க, இறங்கி நடந்தே போயிடுவேன்."

டாக்டர் சரி என்று தலையாட்டினார். வாயை இறுக மூடிக்கொண்டுதான் வண்டியைக் கிளப்பினார்.

பாதை திரும்பியதுமே, "டுர்ர்ர்ர்."

இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். அப்புறம்தான் முன்னால் பார்த்தாள். பாதை நடுவே வெள்ளைக்கோலைத் தட்டியபடி வக்கீலம்மா வந்துகொண்டிருந்தார். சத்தம் வந்த பக்கம் காதைக் கொடுத்தவர், நிதானமாகச் சுவரோரம் ஒதுங்கினார்.

"சைலன்சர்ல ஏதோ கோளாறு போல, டாக்டர். இன்னைக்கு சத்தம் லேட்டா வருது," என்று சிரித்தார்.

கேட் தாண்டியதும் மனைவி கேட்டாள்.

"ஹார்ன் அடிக்கலாமே?"

"முதல் நாள் அடிச்சேன். திடுக்கிட்டு அங்கேயே நின்னுட்டாங்க. நாம எந்தப் பக்கம் போறோம்னு தெரியணும்னா சத்தம் கூடவே வரணும்."

"எல்லார்கிட்டயும் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, அவங்களை ஏன் தனியா வெளிய விடறீங்கன்னு ஆரம்பிச்சிடுவாங்க. அந்தம்மா இத்தனை வருஷமா யார் கையையும் பிடிக்காம நடந்து போறாங்க. என் வண்டியால அது நிக்கணுமா?"

இந்த மனுஷனையா கிள்ளினோம் என்று அவளுக்கு என்னவோ போலாகிவிட்டது.

திரும்பி வந்து கேட்டுக்குள் நுழைந்ததும் டாக்டர் மூச்சை இழுத்தார். மனைவி பின்னாலிருந்து தோளைத் தட்டினாள்.

"நீங்க பாதையைப் பார்த்து ஓட்டுங்க," என்றவள், மாடிவீட்டுக்காரர் பால்கனியில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே குரலெடுத்தாள்.

"டுர்ர்ர்ர்ர்."