சுவரோர நாற்காலி

"சஹானா."

இடது காதில் வந்தது.

இவர் திரும்பவில்லை. திரும்பினால் அங்கே சுவர்தான். சுவருக்கும் இவருக்கும் நடுவே காலியாக ஒரு நாற்காலி, அதன் கைப்பிடியில் ஒரு முழம் மல்லிகை.

வேதாந்தம் வழக்கமாக உட்காரும் இடம். முதலாண்டு நினைவுக் கச்சேரிக்கு அதைக் காலியாக விடுவதென்று செயற்குழு ஏகமனதாகத் தீர்மானித்திருந்தது. உயிரோடு இருந்தபோது அவருக்கு அந்த நாற்காலியைப் பிடித்துவைக்க ஒரு கைக்குட்டை போதுமாக இருந்தது.

மேடையில் பாடகி ஆலாபனையின் முதல் இழையைத்தான் எடுத்திருந்தாள்.

வலப்பக்கத்திலிருந்து சபா செயலாளர் நாகசுந்தரம் சாய்ந்தார். "சார், என்ன ராகம்? நன்றியுரைல சொல்லணும்."

"சஹானா," என்றார் இவர்.

காதில் கேட்டதும் முதலில் வந்தது சந்தோஷம். பயம் சொன்ன பிறகுதான்.

'சஹானாவாம்' என்று வரிசை முழுக்கப் பரவியது. அதுவரை சும்மா இருந்த தலைகள் ஆட ஆரம்பித்தன.

எத்தனையோ மார்கழிகளாக இப்படித்தான். வேதாந்தம் காதோரம் ஒரு சொல் போடுவார். இவர் அதை வரிசைக்கு அறிவிப்பார். ஆபீசில் பக்கத்துப் பக்கத்து மேசை. தயிர்சாதத்தைப் பிசைந்தபடியே வேதாந்தம் ஸ்வரம் சொல்லிக்கொடுத்தார். இவருக்குச் சாதம் மட்டும் உள்ளே போயிற்று.

பாட்டென்றால் இருவருக்குமே உயிர். வேதாந்தத்துக்கு ஞானம் இருந்தது. இவருக்கு அதை உரக்கச் சொல்லத் தொண்டை இருந்தது. ஊர் தொண்டையைத்தான் மதித்தது.

ஒரு வருஷமாக இவர் கச்சேரி எதற்கும் போகவில்லை. மூட்டுவலி என்று சொல்லிவைத்திருந்தார்.

இன்று தட்ட முடியவில்லை. மேடையோரம் மேசையில் ஒரு சால்வை காத்திருந்தது. கச்சேரி முடிந்ததும் இவருக்கு 'நாதரசிக திலகம்' பட்டம், வேதாந்தத்தின் நினைவாக. அதுவரை ஒரு ராகம்கூடப் பிசகக் கூடாது.

"தன்யாசி."

மூச்சே இல்லை. சொல் மட்டும்.

"தன்யாசி," என்றார் இவர். இந்தத் தடவை பயம் வரவில்லை. குரலில் கொஞ்சம் கனம்கூட ஏறியிருந்தது.

பிறகு கச்சேரியின் பெரிய ராகம். பாடகி கண்ணை மூடினாள். நாகசுந்தரம் பேனாவைத் திறந்தார். இவர் காதைச் சுவர்ப்பக்கமாகச் சாய்த்துக் கொடுத்தார்.

"சொல்றேன், ஓய். ஆனா இந்தத் தடவை தனி ஆரம்பிச்சதும் என்னோட எழுந்து வரணும்."

மிருதங்கம் தனியாக வாசிக்க ஆரம்பித்ததும் இருவரும் கேன்டீனுக்கு நழுவுவது வழக்கம். போன வருஷம் வேதாந்தம் மட்டும் போனார். இவர் பின்வரிசை மாமிக்குக் கல்யாணி ராகத்தை விளக்கிக்கொண்டிருந்தார். கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்தவர் அப்படியே சரிந்தார். வந்த காபியை யாரும் தொடவில்லை.

"வரேன்னு சொல்லும். ஆறிண்டிருக்கு."

நாகசுந்தரம் முழங்கையால் இடித்தார். "சார்?"

இவர் சால்வையைப் பார்த்தார். கேன்டீன் பக்கத்துக் கதவைப் பார்த்தார்.

"தெரியலை," என்றார்.

அந்தச் சொல்லை இவர் வாயிலிருந்து அந்தச் சபா கேட்டதில்லை.

நாகசுந்தரம் பூரித்துப்போய் வரிசைப் பக்கம் திரும்பினார். "பாத்தேளா, என்ன அடக்கம்! நம்மளை டெஸ்ட் பண்றார்!"

வரிசை அடக்கத்துக்கும் தலையாட்டியது.

இடது காது வெறுமையாயிற்று. அடைப்பு விட்டதுபோல் இருந்தது.

நாகசுந்தரம் தன் இடது காதைத் தேய்த்தார், ஈயை விரட்டுகிற மாதிரி.

யார் அழைத்தாலும் மறுக்காத மனிதர் அவர். கல்யாணமோ காதுகுத்தோ, எங்கே எப்போது என்று கேட்பதற்குள் ஒப்புக்கொள்வார். பொதுவாழ்க்கை.

"ஓ, பேஷா வரேன்," என்றார், யாரையும் பார்க்காமல்.

உடனே முகம் மலர்ந்தது. பேனா ஓடியது.

"சார், சிம்மேந்திரமத்யமம்! எனக்கே எப்படித் தெரிஞ்சதுன்னு தெரியலை சார்!"

வரிசை அவரைப் புதிதாகப் பார்த்தது.

தடுக்கலாம். போகாதீங்கோ என்று ஒரு வார்த்தை போதும். ஏன் என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்வதென்றால் சஹானாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கு முந்தைய அத்தனை மார்கழிகளையும் சொல்ல வேண்டும்.

சால்வையின் ஜரிகை விளக்கொளியில் மின்னியது.

இவர் மேடையைப் பார்த்துத் தாளம் போட ஆரம்பித்தார்.

கீர்த்தனை ஒரு வரியில் நின்றது. மிருதங்கம் தனியாகப் புறப்பட்டது.

நாகசுந்தரம் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "ஒரு வாய் காபி சாப்ட்டு வந்துடறேன் சார்."

நடைபாதையில் இறங்கியவர், கூட வருகிறவருக்காக நிற்பதுபோல் நின்று திரும்பிப் பார்த்தார்.

இவர் இடப்பக்கம் பார்க்கவில்லை.

கால்கள் இரண்டையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு, வழிவிட்டார்.