காளிதாஸ் சொன்ன இடம்

கையெழுத்து வாங்க நின்ற வரிசையில் அந்த அம்மாள் கையில் மட்டும் புத்தகம் இல்லை. பழைய கைலியில் சுற்றிய நீளமான எதையோ மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். கைலியின் ஓரத்தில் இரும்பு எட்டிப் பார்த்தது.

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த குணாளன் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கொலைகாரனைப் பற்றிப் புத்தகம் எழுதியவர்தான். ஆனாலும் இரும்பை இவ்வளவு பக்கத்தில் பார்த்துப் பழக்கமில்லை.

ஜொகூர் மாநிலத்துப் பத்து பாகாட் ஊரின் அந்த மண்டபத்தில் சற்றுமுன்தான் அவர் பேசி முடித்திருந்தார். "ரெண்டு பொண்ணுங்களக் கொன்னவன் காளிதாஸ். ஆனா ஜெயில்ல நான் பாக்கப் போறப்பெல்லாம் என் ரெண்டு கையயும் பிடிச்சுக்கிட்டு அழுவான். 'அண்ணே, கோர்ட்டுல சொல்லாதத உங்ககிட்டதாண்ணே சொல்றேன்'பான்" என்று அவர் தழுதழுத்தபோது முன்வரிசையில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். காளிதாஸ் சிறையிலேயே நோய் கண்டு செத்த பிறகு வந்த அந்தப் புத்தகம் இப்போது இரண்டாம் பதிப்பு.

அந்த அம்மாளின் முறை வந்தது. கைலியைப் பிரித்தாள். உள்ளே மண்வெட்டி.

"அலமாக்!" என்று பின்னால் நின்றவர் பதறி விலகினார்.

"பயப்படாதீங்க. நான் பேச்சியம்மா, லாயாங் லாயாங் ஊர்லேருந்து வரேன். தேன்மொழியோட அம்மா."

புத்தகத்தைப் படித்தவர்களுக்குத் தேன்மொழியைத் தெரியும். தெப்ராவில் பேக்டரி வேலைக்குப் போனவள், பல வருடங்களுக்கு முன் ஒருநாள் ஷிப்ட் முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பவேயில்லை. அவளையும் தானே கொன்றதாகக் காளிதாஸ் குணாளனிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னான் என்ற அத்தியாயத்துக்காகத்தான் புத்தகம் அப்படி விற்றது.

குணாளன் எழுந்து கைகூப்பினார். "அம்மா, உங்க துக்கத்துல நானும்..."

"உக்காருங்க தம்பி, நான் சண்டைக்கு வரல. போலீசுல இன்னமும் காணாமப் போனவள்னுதான் எழுதி வச்சிருக்காங்க. நீங்கதான் செத்துட்டாள்னு எழுதுனீங்க. எங்க வீட்டுக்காரரு அதப் படிச்சிட்டு, இனிமே யாருக்குக் காத்திருக்கறதுன்னு, தர்ப்பையில உருவம் செஞ்சு கருமாதியும் பண்ணிட்டாரு. வேணாங்கன்னு அழுதேன், கேக்கல."

குணாளன் கையெழுத்துப் பேனாவை மூடி வைத்தார்.

"செம்பனக் காட்டுல பொதச்சான்னு போட்டிருக்கீங்களாமே. எந்தக் காடுன்னு போடலியாம். அந்த எடத்து மண்ண ஒரு பிடி எடுத்துக் கடல்ல கரைச்சாத்தான் புள்ளைக்கு அமைதின்னு ஐயரு சொல்றாரு. எடத்த மட்டும் சொல்லுங்க தம்பி, நானே தோண்டிக்கிறேன்."

ஜொகூரில், எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைக் காட்டுக்கா பஞ்சம்? ஏதாவது ஒரு பேரைச் சொன்னால் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவாள். புத்தகமும் பிழைக்கும், மானமும் பிழைக்கும்.

"கூலாய் தாண்டி... ஒரு பழைய தோட்டம்" என்று ஆரம்பித்தார்.

"எந்தத் தோட்டம்? தோட்டத்துல எந்த டிவிசன்? எங்க பக்கத்துக் காட்டுல மரத்தடி மரத்தடியாத் தோண்டிப் பாத்துட்டேன். அங்க ஒண்ணுமில்ல." அவள் உள்ளங்கைகளில் துணி சுற்றியிருந்ததை அப்போதுதான் அவர் கவனித்தார். கொப்புளம் கசிந்து துணி ஈரமாக இருந்தது.

"நெசமாச் சொல்றேன் தம்பி, நீங்க பெரிய ஆளு. என் தம்பி மவன் ஜெயில்ல இருந்தப்ப, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு போன்லதான் பேசுனோம். பெத்தவளையே தொட விடல. ஒங்க கையப் பிடிச்சு அழ விட்டிருக்காங்கன்னா, ஒங்ககிட்ட அவன் பொய் சொல்லியிருக்கவே மாட்டான்."

குணாளன் மேசையைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தாய் இனி ஒவ்வொரு மரத்தடியாகத் தோண்டிக்கொண்டே இருப்பாள் என்பது அவருக்கு உறைத்தது. சொல்ல வந்த தோட்டத்தின் பேர் வாயில் வரவில்லை.

"அம்மா... அவன நான் பாத்ததே இல்ல."

"என்னா தம்பி?"

"ஒரு தடவகூடப் பாத்ததில்லம்மா. பேப்பர்ல வந்தத வச்சு நானா எழுதுனது. ஒங்க பொண்ணு காணாமப் போனதும் பேப்பர்ல பாத்ததுதான். அவளப் பத்தி அவன் யார்கிட்டயும் ஒண்ணுமே சொல்லல."

வரிசையில் யாரோ புத்தகத்தைத் தரையில் விட்டெறிந்தார்கள். வேறு யாரோ காறித் துப்பினார்கள். அந்த அம்மாள் ஓங்கி ஒரு அறை விட்டால் தேவலை என்றிருந்தது குணாளனுக்கு.

பேச்சியம்மாள் அறையவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள். "சாமி சத்தியமா?"

"சத்தியமாம்மா."

"எம்புள்ளையக் கொன்னதா அவன் சொல்லவே இல்லியா?"

"இல்லம்மா. நான்தான் கொன்னேன், எழுதி."

அவள் கடைசிச் சொல்லைக் கேட்டதாகவே தெரியவில்லை. மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டுக் கைப்பையைத் துழாவிக் கைப்பேசியை எடுத்தாள். அவசரத்தில் எண்ணைத் தப்பாக அழுத்தினாள், மறுபடியும் அழுத்தினாள். இத்தனை வருடம் வராத பெண் இனி வருவாளா என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தோன்றியது. அதை அவளிடம் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை.

மறுமுனையில் கணவர் எடுத்ததும், பேச்சியம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"ஏங்க, பாப்பா படத்துல போட்ட மாலையக் கழட்டுங்க!"