கன்னத்தை மட்டும்

கன்னத்தில் இருப்பதை மட்டும் எடுத்துவிடு, வேறு எதையும் தொடாதே என்றபடி, என் ஸ்டூடியோவுக்கு வந்த தம்பி பென் டிரைவை நீட்டினான்.

படத்தைத் திரையில் திறந்தேன். இந்த வருடக் கல்யாண நாளன்று தம்பி வீட்டில் எல்லோருமாக நின்று எடுத்தது. அவன் மனைவியின் இடது கன்னத்தில் கன்றிப்போய்ப் பழுத்த தடம், பச்சையும் மஞ்சளுமாக.

கதவில் இடித்துக்கொண்டாளாம். எந்தக் கதவுக்கு ஐந்து விரல் இருக்கிறது என்று கேட்டேன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா போனபிறகு இவனுக்குச் சோறூட்டி ஆளாக்கியவள் நான். பெண்டாட்டியைக் கைநீட்டி அடிக்கிற ஜென்மத்தையா வளர்த்தேன் என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த ஆள், அப்புறம் வருகிறேன் என்று நழுவிவிட்டார்.

தம்பி கல்லுளிமங்கன் மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

திட்டி ஓய்ந்து, அதே ஆத்திரத்தோடு போட்டோஷாப்பில் மேஜிக் வாண்டை எடுத்து அந்தக் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினேன்.

தொட்ட நிறத்தை வளைத்துப் பிடிக்கிற கருவி அது. ஒட்டிய இடத்தை மட்டும் பிடி என்று சொல்ல ஒரு டிக் போடவேண்டும். போடாவிட்டால் படம் முழுக்கத் தேடிப்போய், அந்த நிறம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் கோடு போடும்.

கோபத்தில் டிக்கை மறந்துவிட்டேன்.

கன்னத்தைச் சுற்றிப் புள்ளிக்கோடு எறும்பு மாதிரி ஊர்ந்தது. அதே நேரம் படத்தில் இருந்த தம்பியின் கழுத்தில், சட்டைக் காலருக்கு மேலேயும் ஊர்ந்தது.

அவன் மகளின் கையில் நான்கு சின்ன வட்டங்கள். நிழல் என்று நினைத்திருந்தேன். ஏழு வயதுக் குழந்தை.

படத்தில் இன்னும் ஒருவன்தான் பாக்கி. பின்னால் வெள்ளைச் சட்டையில் சிரித்துக்கொண்டு நின்றான். அவன்மேல் மட்டும் ஒரு புள்ளிகூட இல்லை.

என் மகன். கல்லூரிக்குப் பக்கம் என்று போன வருடம் நானேதான் அவனைத் தம்பி வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

திரும்பித் தம்பியைப் பார்த்தேன்.

"இன்னும் ஒரு வருஷம்தானேக்கா, படிப்பு முடிஞ்சிடும். பொறுத்துக்கறோம்."

எனக்காகப் பொறுத்திருக்கிறார்கள். அந்தக் குழந்தையும்தான். அவமானத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"பாப்பா இப்ப யார்கூட இருக்கா?"

அப்போதுதான் அவன் கடிகாரத்தைப் பார்த்தான். முகம் வெளுத்துப்போய் எழுந்தான்.

பள்ளி வேன் மூன்றரைக்கு அவளை வாசலில் இறக்கிவிடுமாம். அதற்குள் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தானாம். பிடித்து உட்காரவைத்துத் திட்டித் தீர்த்தவள் நான்.

மணி நான்கு பத்து. அவன் மனைவி வேலை முடிந்து வர ஆறாகும். குழந்தைக்குக் கதவைத் திறந்துவிட என் மகன்தான் வீட்டில் இருந்தான்.